நாலாவது ஜாடி

தமாரா: ...மூணு வருஷமாச்சு ரோடிகா. இன்னும் என் ஜாடி அவ வீட்டுலதான் கெடக்கு.

ரோடிகா: விடுங்கக்கா. ஒரு ஜாடிதானே.

தமாரா: ஒரு ஜாடிதானேவா? ஊறுகாயோட குடுத்தேன்டி. அவ மாமியார் செத்தப்ப. ஊறுகாயத் தின்னாச்சு, கிழவியப் புதைச்சாச்சு, ஜாடி எங்கன்னு கேட்டா எவ்தோக்கியா என் மூஞ்சியப் பாக்காம கோழிய வெரட்டுறா.

ரோடிகா: மறந்திருப்பாங்க.

தமாரா: எப்படி மறப்பா? ஜாடிக் கழுத்துல என் சிவப்பு நூல் கட்டியிருக்கு. சிவப்பு நூல்னா தமாரா ஜாடி, நீல நூல்னா ரோடிகா ஜாடி. இந்த ஊரு நாய்க்குக்கூடத் தெரியும். அடுத்தவ புருஷனை இழுத்துட்டுப் போனவளை இந்த ஊரு மன்னிச்சிருக்கு. அடுத்தவ ஜாடிய வச்சுக்கிட்டவளை மன்னிச்சதே இல்ல.

ரோடிகா: ம்.

தமாரா: சிரிக்கிறதுக்குத்தான்டி சொன்னேன்.

ரோடிகா: சிரிச்சேனே.

தமாரா: எங்க சிரிச்சே? அந்தக் குடைமிளகாயத் திருப்பு, கருகுது. மடியில ஊசி, கையில இடுக்கி... ஸ்வெட்டர் முழுக்கக் குடைமிளகா வாசனைதான் வரப்போகுது.

ரோடிகா: வரட்டும். பனி பெய்யறப்போ நல்லாத்தான் இருக்கும்.

தமாரா: இரு இரு. அது என்ன நூலு? பழுப்பா... எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே. ஏய், இது வசிலேவோட ஸ்வெட்டர் இல்ல?

ரோடிகா: ஆமா. பிரிச்சுட்டேன்.

தமாரா: என் தம்பி ஸ்வெட்டரையா? கல்யாணத்துக்கு நான் பின்னிக் குடுத்ததுடீ அது!

ரோடிகா: மாஸ்கோவுல கட்டட வேலைன்னு போனவரு. எத்தனை பனி வந்து போச்சு? இப்ப போனும் இல்ல. அவருதான் வரலை... அவரு கம்பளியாவது பொண்ணு மேல இருக்கட்டுமேன்னுதான்.

தமாரா: குடு இப்படி. தொட்டுப் பாக்கறேன்.

ரோடிகா: கோவமாக்கா?

தமாரா: உன் மேல என்ன கோவம்? நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பய. அவனை நினைச்சாத்தான் வயிறு எரியுது. சரி, நூலை ஆவியில காட்டினியா? பழைய சுருக்கம் போகலைன்னா ஒரு கண்ணி பெருசா, ஒரு கண்ணி சிறுசா விழும்.

ரோடிகா: காட்டிட்டேன்.

தமாரா: காட்டியிருப்பே. உன்னை எதுல குறை சொல்ல முடியும்... ஆங், ஒண்ணு இருக்கு. நேத்து எவ்தோக்கியா பொண்ண வேலியோரமா நிக்க வச்சு நூலால தோள்பட்டைய அளந்துட்டு இருந்தியே, அது எதுக்கு? அந்தப் பதிமூணு வயசுக் கழுதைக்கு நீ ஸ்வெட்டர் பின்றியா? அவ ஆத்தா என் ஜாடியத் தரல!

ரோடிகா: அவளுக்கு இல்லக்கா.

தமாரா: பின்ன யாருக்கு?

ரோடிகா: இலிங்கா வர்றா. அப்பறம் சொல்றேன்.

இலிங்கா: அம்மா! ஜாடி எல்லாம் கழுவிட்டேன். பாரு, உள்ளங்கை அடி வரைக்கும் போகுது. உன் கை போகாது. அத்தை கை வாயிலயே நின்னுடும்.

தமாரா: என்னோடது கை. உன்னோடது கோழிக்கால். அதான் போகுது.

இலிங்கா: கோழிக்கால் இல்லாட்டி இந்த வீட்டுல யாரு ஜாடி கழுவுவாங்களாம்?

தமாரா: கை பெருசாகுற வரைக்கும் இந்த வேலை உனக்குத்தான். எனக்கு உன் வயசுல உள்ள போன கை, அடுத்த வருஷம் மாட்டிக்கிச்சு. எங்கம்மா வந்து பாத்தா. கைய உடைக்கிறதா ஜாடிய உடைக்கிறதான்னு ரொம்ப நேரம் யோசிச்சா.

இலிங்கா: பொய்!

தமாரா: சத்தியமாடி. ஜாடி பக்கம்தான் சாஞ்சா. அப்பறம் உங்கப்பன்தான் சோப்பைக் கொண்டாந்து என் கையக் காப்பாத்துனான்.

இலிங்கா: அம்மா, இத்தாலில யாரும் இப்படிக் காயை ஊறப்போட்டு ஜாடி போட மாட்டாங்களா?

ரோடிகா: அங்க எல்லாம் கடையில வாங்கிக்குவாங்களாம்.

இலிங்கா: ஐயே. அப்ப நீ பாத்துக்கப்போற கிழவிக்கு குளிர்காலத்துல என்ன குடுப்பே?

ரோடிகா: அவங்க வீட்டுல என்ன சொல்றாங்களோ அதை.

இலிங்கா: அந்தக் கிழவிக்குப் பொண்ணு இல்லையா?

ரோடிகா: இருக்காங்க. அவங்க வேலைக்குப் போறாங்க. அதனால பாத்துக்க ஆள் வேணுமாம்.

இலிங்கா: நீயும் வேலைக்குத்தானே போறே. அப்ப என்னை?

ரோடிகா: அத்தை இருக்காங்கள்ல.

இலிங்கா: அத்தைய யாரு பாத்துப்பா?

தமாரா: நீதான். தினம் என் முட்டியில சூடா ஒயின் தடவணும். மிச்சத்த நான் குடிச்சுக்கறேன்.

இலிங்கா: ஈஸ்டர் வரைக்கும்தானே? தடவுறேன். ஈஸ்டருக்கு அம்மா வந்துடும்.

ரோடிகா: ஆமா கண்ணு... ஈஸ்டர் வரைக்கும்தான்.

தமாரா: போ, இன்னும் பத்து ஜாடி கெடக்கு. கோழிக்காலை ஈரமா வச்சுக்க, காய விடாதே... போயிட்டாளா? ஈஸ்டரா? என்கிட்ட ஒரு வருஷம்னியே ரோடிகா.

ரோடிகா: அவகிட்ட ஒரு வருஷம்னு எப்படிக்கா சொல்றது? மூஞ்சியப் பாத்தீங்கல்ல.

தமாரா: ஈஸ்டர் வரும். அவ வாசல்ல நிப்பா. அப்ப நான் என்னடி சொல்றது?

ரோடிகா: தெரியலக்கா. மிளகா ஆறிடுச்சு, தோலை உரிங்க.

*

தமாரா: ஜாடிக்குள்ளயா? ஸ்வெட்டரையா? உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சு.

ரோடிகா: அந்துப்பூச்சி வராதுக்கா. போன வருஷம் பெட்டியில வச்சது என்னாச்சு? சல்லடை. கண்ணாடிக்குள்ள மடிச்சு வச்சு, நாலு வால்நட் இலையப் போட்டு, தகர மூடிய இறுக்கிட்டா எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்.

தமாரா: எத்தனை வருஷமானாலுமா? அடேயப்பா. வர்ற மாசம் போடப்போற ஸ்வெட்டருக்கு எவ்வளவு பாதுகாப்பு. உப்பு, வினிகர் வேண்டாமா?

ரோடிகா: விளையாடாதீங்கக்கா.

தமாரா: நாளைக்கு மரியாள் திருநாள். நாளைக்கு ஜாடி போட்டா கை விளங்காதும்பாங்க. இன்னிக்கே அந்தச் சின்னத் தர்பூசணி எல்லாம் ஊறப்போட்டு மூடணும். அத விட்டுட்டு நீ ஸ்வெட்டர் ஊறுகா போடுறே... சரி, குடு. திணி. இன்னும் திணி. பெரிய ஜாடிதான், தாங்கும். மூடி இறுக்குற சாவிய எடு.

ரோடிகா: நீங்களே சுத்துங்க. உங்க கைதான் கை.

தமாரா: இப்ப ஐஸ் வை. பாரு... ஒரே சீரா போகுது பாத்தியா? நான் வேலை பாத்த ஊறுகா ஃபாக்டரில மெஷின் நின்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஆயிரம் ஜாடிய வரிசையா வச்சாலும் என் சுத்து எதுன்னு நான் சொல்லிடுவேன். உன்னோடது ஒரு இடத்துல மட்டும் ரெண்டு தரம் அழுத்தும். அவசரக்காரி கை.

ரோடிகா: ஃபாக்டரிய மூடினப்போ சம்பளத்துக்குப் பதிலா மூடியும் சாவியும்தானே குடுத்தாங்க.

தமாரா: மூட்டை மூட்டையா குடுத்தான். இன்னும் என் பேரன் வரைக்கும் வரும் மூடி. பேரன்தான் இல்ல... ம், முடிஞ்சுது. கொண்டு போயி வை.

ரோடிகா: இன்னொண்ணு இருக்குக்கா.

தமாரா: ரெண்டு ஸ்வெட்டரா? நல்லதுதான், ஒண்ணு துவைச்சா ஒண்ணு... ஏய், இது பெருசா இருக்கே.

ரோடிகா: அடுத்த குளிர்காலத்துக்கு.

தமாரா: அடுத்த குளிர்காலத்துக்குத்தான் நீ வந்துடுவியே. வந்து பின்னிக் குடுக்க வேண்டியதுதானே?

ரோடிகா: சுத்துங்கக்கா.

தமாரா: சுத்தறேன். சுத்தறேன்... சொல்லு, அந்தத் துணிக்குக் கீழ என்ன இருக்கு?

ரோடிகா: இன்னொண்ணு.

தமாரா: விரி.

ரோடிகா: மடிச்சே வச்சுடலாம்...

தமாரா: விரிடீ. ...இது யாருக்கு? அதுக்கும் கீழ? அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கே! அதையும் எடு. இது... இது உன் நீல ஸ்வெட்டர் நூல். நீ போட்டுட்டு இருந்ததப் பிரிச்சியா? அங்க நீ என்னத்தப் போட்டுக்குவே?

ரோடிகா: அங்க இவ்வளவு குளிராதாம்.

தமாரா: இதுல நெஞ்சுக்கு இடம் விட்டிருக்கே. ரோடிகா... இலிங்காவுக்கு ஒம்பது வயசு.

ரோடிகா: அதான் எவ்தோக்கியா பொண்ண அளந்தேன். இலிங்கா என்னைப் போலதான் வளருவா. தோள் அகலமா வரும். கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்.

தமாரா: நாலா?

ரோடிகா: மடிச்சுக் குடுங்கக்கா, இலையப் போடணும்.

தமாரா: நாலு வருஷமாடி?

ரோடிகா: நான் சுத்திப்பாக்கப் போறேன்னு சொல்லித்தான் விசா வாங்கியிருக்கேன். அங்கயே தங்கிட்டா, சரியான பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் வெளிய வர முடியாதுக்கா. வந்தா மறுபடி உள்ள விட மாட்டான். முன்னாடியே அங்க போன மரியோராவுக்குப் பேப்பர் வர நாலு வருஷம் ஆச்சு. அவ எனக்கு வேலை பாத்துக் குடுத்தப்பவே சொல்லிட்டா, மனசைக் கல்லாக்கிட்டு வான்னு.

தமாரா: என்கிட்ட ஒரு வருஷம்னு பொய் சொன்னே.

ரோடிகா: உங்ககிட்ட நாலுன்னா நீங்க விட மாட்டீங்க. அவகிட்ட ஒண்ணுன்னாலே அவ விட மாட்டா.

தமாரா: போகாதே.

ரோடிகா: அக்கா...

தமாரா: போகாதேங்கறேன். சோளக்களி தின்னுட்டுக் கிடப்போம். என் மாடு இருக்கு. ஜாடி இருக்கு. ரெண்டு பொம்பளைங்க ஒரு பொண்ண வளக்க முடியாதா?

ரோடிகா: போன குளிர்காலத்துல என்னத்த எரிச்சோம்?

தமாரா: அதை ஏன் இப்ப...

ரோடிகா: வேலிய எரிச்சோம். அப்பறம் கோழிக்கூண்டு. அவ காலுல பிளாஸ்டிக் பையக் கட்டிட்டு, அதுக்கு மேல பூட்ஸ மாட்டிட்டுப் பள்ளிக்கூடம் போனா. பூட்ஸ் ஓட்டை வெளிய தெரியக் கூடாதுன்னு பனியில ஓடியே போவா. நான் ஜன்னல் வழியா பாத்துட்டே நின்னேன். இந்தக் குளிர்காலத்துல என்னத்த எரிக்கிறது? நம்ம தலைக்கு மேல நிக்கிற இந்த வால்நட் மரத்தையா?

தமாரா: ...இந்த மரம் எங்கப்பா வச்சது.

ரோடிகா: தெரியும்.

தமாரா: எரிச்சாலும் எரிப்பேன். நீ இருந்தா எரிப்பேன்.

ரோடிகா: எனக்கு ஒரே ஒரு பயம்தான்க்கா. வேலைக்குப் பயமில்ல. அந்தக் கிழவிக்கு மலம் அள்ளணும்னா அள்ளிட்டுப் போறேன். நாலு வருஷம் கழிச்சு வர்றப்போ... அவ உங்களை அம்மான்னு கூப்பிட்டுட்டு இருப்பா. நான் வாசல்ல யாரோ மாதிரி நிப்பேன்.

தமாரா: வாயக் கழுவு.

ரோடிகா: கூப்பிட்டா திட்டாதீங்க. அதான் சொல்ல வந்தேன். அவ அப்படிக் கூப்பிட்டா... திரும்பிப் பாருங்க. பரவால்ல.

தமாரா: இருபது வருஷம் அழுதேன்டி, ஒரு குழந்தைய குடுன்னு. எத்தனை மெழுகுவத்தி, எத்தனை மடம். இப்ப குடுக்கறான் பாரு கடவுள்... இப்படியா நான் கேட்டேன்? இப்படிக் குடுன்னா கேட்டேன்?

ரோடிகா: அழாதீங்க. அவ வந்துடப்போறா.

தமாரா: நான் ஒண்ணும் அழலை. வெங்காயம்.

ரோடிகா: இன்னிக்கு வெங்காயமே அரியலையேக்கா.

தமாரா: அரிஞ்சேன். காலையில. குடு அந்தச் சாவிய.

ரோடிகா: வருஷா வருஷம் மரியாள் திருநாள் முடிஞ்சதும் ஒண்ணு திறங்க. முன்னாடி திறந்துடாதீங்க. நிலவறையில தர்பூசணி பீப்பாய்க்குப் பின்னாடி வச்சுடறேன். அவ கண்ணுல மட்டும் படக் கூடாது. பட்டா எண்ணிடுவா.

தமாரா: பீப்பாய்க்குப் பின்னாடி எலிதான் போகும். அவ போக மாட்டா.

*

ரோடிகா: அக்கா! கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. நிலவறைக்கு.

தமாரா: என் முட்டிய வச்சுட்டு அந்த ஏணியில... இரு. வர்றேன். நாளைக்கு வண்டி ஏறப்போறவ, இங்க என்னடி தேடுறே? பெட்டியக் கட்டு.

ரோடிகா: கடைசியா ஒரு தரம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். இந்த டார்ச்சப் பிடிங்க. இந்த மூடியப் பாருங்க.

தமாரா: மூடிக்கு என்ன?

ரோடிகா: நாலாவது ஜாடி. இது உங்க சுத்து இல்ல.

தமாரா: என் சுத்துதான். வேற யாரோடது?

ரோடிகா: உங்க சுத்து இப்படிக் குடிகாரன் நடந்த மாதிரி இருக்காது. இங்க பாருங்க, விளிம்பு மேல ஏறி இருக்கு. இங்க நெளிஞ்சிருக்கு. யாரோ பழைய மூடியக் கழட்டி, புதுசு போட்டு இறுக்கியிருக்காங்க.

தமாரா: இருட்டுல உனக்கு அப்படித் தெரியுது.

ரோடிகா: நான் போட்ட இலை மேலதான் இருந்துச்சு. இப்ப அடியில கெடக்கு. அக்கா... இலிங்கா இங்க வந்தாளா?

தமாரா: அவளுக்கு அந்தச் சாவிய அழுத்திச் சுத்துற பலம் எங்க இருக்கு?

ரோடிகா: அவ இதைப் பாத்திருந்தான்னா நாளைக்கு நான் போக மாட்டேன். நிஜமா சொல்றேன். ஈஸ்டர்னு அவ நம்பிட்டு இருக்கறதாலதான் என் காலு நகருது. தெரிஞ்சுட்டு அவ என்னைப் பாத்தா, அந்தக் கண்ணைப் பாத்துட்டு என்னால வண்டி ஏற முடியாதுக்கா. டிரைவர்கிட்ட வரலைன்னு சொல்லிடுங்க. இப்பவே போன் பண்ணுங்க...

தமாரா: நான்தான்டி.

ரோடிகா: என்ன?

தமாரா: நான்தான் திறந்தேன்.

ரோடிகா: நீங்களா? முன்னாடி திறக்காதீங்கன்னு அத்தனை தரம் சொன்னேனே!

தமாரா: சொன்னே. கேக்கலை. அந்த நீல ஸ்வெட்டரை ஒரு தரம் விரிச்சுப் பாக்கணும் போல இருந்துச்சு. அவ எவ்வளவு உயரம் வருவான்னு... என் மேல வச்சுப் பாத்தேன். அழுகை வந்துடுச்சு. அழுதுட்டே சுத்துனா மூடி நேரா வருமா?

ரோடிகா: சத்தியமா நீங்கதானா?

தமாரா: உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணணுமா? வயசாச்சு, புத்தி கெட்டுப்போச்சு, திறந்துட்டேன். கோர்ட்டுல ஏத்து.

ரோடிகா: ...பயந்துட்டேன்க்கா. நெஞ்சே நின்னுடுச்சு.

தமாரா: இப்ப ஓடுதுல்ல? மேல ஏறு.

இலிங்கா: அம்மா! அங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? நானும் இறங்கட்டுமா?

தமாரா: வேண்டாம், நாங்க வர்றோம்! உங்கம்மா என் சுத்தைக் குறை சொல்லிட்டு இருக்கா.

இலிங்கா: அத்தைக்கு வயசாயிடுச்சும்மா. நேத்துகூட வெள்ளரிக்காய்க்கு ரெண்டு தரம் உப்பு போட்டாங்க.

தமாரா: கேட்டுக்க. இதுக்குத்தான் நான் தினமும் சோறு போடப்போறேன்.

இலிங்கா: அம்மா, நான் ஒண்ணு யோசிச்சேன். ஈஸ்டர் முட்டைக்கு எல்லாரும் சிவப்புச் சாயம்தான் போடுறாங்க. உனக்கு மட்டும் நீலம் போட்டு வைக்கட்டுமா?

ரோடிகா: நீலமா?

இலிங்கா: உன் ஜாடி நூல் நீலம்தானே. அப்ப உன் முட்டைய யாரும் எடுக்க மாட்டாங்க.

ரோடிகா: போடு கண்ணு. நீலமே போடு.

இலிங்கா: ரெண்டு போடறேன். நீ வர லேட்டானா ஒண்ணு கெட்டுப்போகும்ல.

தமாரா: முட்டைய ஜாடியில போட்டு மூடிடலாம். உங்கம்மாவுக்கு அதுவும் தெரியும்.

இலிங்கா: திருநாள் முடிஞ்சதும் நீ எடுத்துக் குடுத்தியே, அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை இப்பப் போட்டுக் காட்டட்டுமா?

ரோடிகா: இந்த வெயில்லயா?

இலிங்கா: அங்க போயி நீ நினைக்கிறப்போ, நான் அதுல எப்படி இருப்பேன்னு தெரியணும்ல.

ரோடிகா: ...போட்டுக் காட்டு.

தமாரா: ஓடு, எடுத்துட்டு வா. ...என்னடி?

ரோடிகா: அவளுக்குத் தெரியலக்கா. ஒண்ணுமே தெரியல. முட்டை நெறம் யோசிச்சுட்டு இருக்கா பாவம்.

தமாரா: அதான் சொன்னேனே.

ரோடிகா: ஏமாத்திட்டுப் போறேன். பெத்த பொண்ண ஏமாத்திட்டுப் போறேன்.

தமாரா: மூக்கைத் துடை. வந்துட்டா.

*

தமாரா: ஃபியோதர்! ஹாரன் அடிக்காதே, காது இருக்கு எங்களுக்கு! வர்றா. உன் வண்டியில மத்தவங்க மட்டும் என்ன, சிரிச்சுட்டா உக்காந்திருக்காங்க? ரெண்டு நிமிஷம் பொறு.

ரோடிகா: பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சருக்குப் பூ கொண்டு போகணும்.

இலிங்கா: தெரியும்மா.

ரோடிகா: காது குளிர்ல வலிச்சா அத்தைகிட்ட சொல்லணும். ஒளிச்சு வைக்கக் கூடாது.

இலிங்கா: சொல்றேன். இந்தா, இதை எடுத்துக்க. செர்ரி ஜாம்.

ரோடிகா: பையில இடமே இல்ல கண்ணு... இது என்ன, சிவப்பு நூல் கட்டியிருக்கு? இது அத்தை ஜாடியாச்சே. நம்மளோடது எடுக்க வேண்டியதுதானே?

இலிங்கா: தெரிஞ்சுதான் எடுத்தேன். நம்ம ஜாடின்னா நீயே வச்சுக்குவே. அத்தை ஜாடின்னா திருப்பிக் குடுத்துதான் ஆகணும்.

தமாரா: ஆமா. ஊர்ல ஒரு எவ்தோக்கியா போதும். இன்னொருத்திய என்னால தாங்க முடியாது.

ரோடிகா: கொண்டாந்துடறேன்க்கா.

தமாரா: காலியா கொண்டாராதே. காலி ஜாடிய யாரும் திருப்ப மாட்டாங்க. அங்க இருந்து எதையாவது போட்டுக் கொண்டா. ஆலிவோ என்ன எழவோ.

ரோடிகா: சரிக்கா.

இலிங்கா: அம்மா, நீ வர்றப்போ இங்க நிறைய ஜாடி காலியாகியிருக்கும். நானே கழுவி வச்சுடறேன். ஈஸ்டர்லயும் என் கை உள்ள போகும்ல?

ரோடிகா: ...போகும். போகும் கண்ணு.

இலிங்கா: அழாதே. ஈஸ்டர் வரைக்கும்தானே.

ரோடிகா: அழலை. கையக் குடு. இன்னும் கொஞ்ச நேரம் குடு.

தமாரா: போதும் ரோடிகா. ஏறு.

ரோடிகா: அக்கா... வரிசையா. மறந்துடாதீங்க. வளர வளர...

தமாரா: தெரியும். போ.

ரோடிகா: அவ வேற மாதிரி கூப்பிட்டா...

தமாரா: போடீங்கறேன்! ஃபியோதர், கதவை மூடு. என் தங்கத்தப் பத்திரமா கொண்டு போயி விடு. பள்ளம் மேடு பாத்து ஓட்டு, ஜாடி வச்சிருக்கா!

இலிங்கா: அம்மா! ஜன்னல்கிட்ட உக்காரு! டாட்டா!

தமாரா: கையாட்டு. நல்லா ஆட்டு. சிரி.

இலிங்கா: சிரிச்சுட்டுத்தான் இருக்கேன் அத்தை.

தமாரா: ...கிணத்தடி தாண்டிட்டான்.

இலிங்கா: அம்மா இன்னும் திரும்பிப் பாக்குறாங்க.

தமாரா: ம். ஆட்டு.

இலிங்கா: இப்ப?

தமாரா: வளைவு திரும்பிட்டான் கண்ணு. கைய இறக்கிக்க.

இலிங்கா: தூசி தெரியுதே.

தமாரா: அது வெறும் தூசி. வா, உள்ள போகலாம். பால் காச்சித் தர்றேன். பிளம்ஸ் வேற கெடக்கு, இன்னிக்கே போடலைன்னா அழுகிடும்.

இலிங்கா: அத்தை.

தமாரா: சொல்லு.

இலிங்கா: நீல முட்டை பத்திக் கேட்டேனே... அது நல்லா இருந்துச்சா?

தமாரா: இருந்துச்சு.

இலிங்கா: ரெண்டு முட்டைன்னு நான் சொன்னப்போ கொஞ்சம் அதிகமாயிடுச்சோன்னு பயந்துட்டேன்.

தமாரா: இல்ல. சரியாத்தான் இருந்துச்சு.

இலிங்கா: அம்மா நம்பிட்டாங்களா?

தமாரா: நம்பிட்டா.

இலிங்கா: மூடியத் திறந்தது நீங்கதான்னு?

தமாரா: அதையும்தான். உன்னைத்தான் நான் திட்டணும். சாவிய நேரா பிடிடின்னு எத்தனை தரம் சொன்னேன்? நானே சுத்தறேன்னு கேட்டேன். குடுத்தியா?

இலிங்கா: நான் திறந்தத நான்தானே மூடணும் அத்தை... அந்த நீல ஸ்வெட்டர்ல அம்மா வாசனை அப்படியே இருந்துச்சு. போட்டுப் பாத்தேன், கை வெளியவே வரலை, முட்டி வரைக்கும் தொங்குச்சு. அது எனக்குச் சரியாகுறப்பதான் அம்மா வருவாங்க, இல்ல?... அப்ப, இனிமே அழலாமா அத்தை?